மூன்றாவது டப்பா

மறுபடியும் வந்துவிட்டாள் ஒத்தீலியா.
மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட
டப்பாவைக் கல்லாமேசையில் வைத்தாள்.
"இதுவும் மஞ்சள் இல்லை."

மூடியை நெம்பிப் பார்த்தேன். மஞ்சள்தான்.
டியூப்லைட்டுக்குக் கீழே
நாட்டுக்கோழி முட்டையின் கரு.
"நான் உன் கடையில் குடியிருக்கவில்லை, எலியேசர்"
என்றாள்.

அதற்குப் பதில் இல்லை என்னிடம்.
சீலோயே தீவில் எட்டு வருஷமாக வண்ணம் கலக்கிறேன்.
வண்ண அட்டைகளை நம்புவதை
முதல் மழைக்காலத்திலேயே விட்டாயிற்று.
அவற்றைச் சாந்தியாகோவில் அச்சடிக்கிறார்கள்,
வெயில் தாராளமாய்க் கிடைக்கும் ஊரில்.
இங்கே வெளிச்சம்
ஈரத்துணியில் வடிகட்டித்தான் வருகிறது.

சனிக்கிழமை அரைநாளில் கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.
கடலுக்குள் மரக்கால் ஊன்றி நிற்கும் வரிசையில்
ஏழாவது வீடு.
பின்சுவரின் மரச்செதில்களில் பதினொரு சதுரங்கள்,
ஒவ்வொன்றின் அடியிலும் பென்சில் குறிப்பு:
காலை எட்டு, எலுமிச்சை.
பகல் ஒன்று, பித்தம்.
மாலை, ஓதம் ஏறும்போது, பரவாயில்லை.
ஓதம் வற்றினால், சளி.

சுவர் தெற்குப் பார்த்தது.
பூமியின் இந்த அடிவயிற்றில்
சூரியன் வடக்கே சாய்ந்து நடப்பவன்;
தெற்குச் சுவருக்கு வெயில் பெரும்பாலும் வதந்தி.
மேக நீலம் இறங்கிய மஞ்சளில்
பச்சை தட்டும்.
பக்கத்து வீட்டுச் சிவப்பு வேறு
தண்ணீர் ஏறினால் இறவாரம்வரை வந்து ஆடும்,
வற்றினால் சேறும் பாசியும் சுவரைக் கெடுக்கும்.
ஒரே நிறத்தை நாளைக்கு இரண்டுமுறை
கடல் கலைத்துப் போடுகிறது.
எந்தப் பொழுதுக்குக் கலக்க?

"உனக்கு எந்த நேரம் முக்கியம்?" என்றேன்.
"எனக்கா? நான் உள்ளே இருப்பவள்.
இந்தச் சுவரை நான் பார்ப்பதே இல்லை."
தாடையால் எதிர்க்கரையைக் காட்டினாள்.
ஜன்னலோரக் கட்டிலில் பவுதீலியோ,
இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதம்.

அவரோடு பேச்சில்லாமல் ஒன்பது வருஷம் இருக்கும்,
வலை அறுந்த வழக்கு. ஊருக்கே தெரியும்.
"இப்பவும் பேசமாட்டேன்" என்றாள்.
"ஆனால் ஒரு மனுஷன்
நாள் முழுக்கச் சளியைப் பார்த்துக் கிடக்கக்கூடாது."

பாலம் சுற்றி அக்கரைக்கு நடந்தேன்.
அந்தக் கட்டிலோரம் குனிந்து பார்த்தால்
பதினொன்றில் பத்து கரைந்து
பழைய மரத்தோடு மரமாகியிருந்தன.
ஒன்று மட்டும் நின்றது,
படகுக்குப் பூசிய காவித்தூரிகையை
அவள் சரியாகக் கழுவாமல் இழுத்தது.
கடையில் அதைக் காட்டினால்
துருப்பிடித்த மஞ்சள் என்று நானே ஒதுக்கியிருப்பேன்.

பவுதீலியோ என் பக்கம் திரும்பவில்லை.
"இரண்டாம் வரிசை, ஓரத்தில் இருப்பது.
மற்றதெல்லாம் அவள் வாயைப்போலப் புளிப்பு."
கொஞ்சம் இருமினார்.
"நான் சொன்னதாகச் சொல்லாதே."

சொல்லவில்லை. "ஓரத்தது நிற்கிறது" என்றேன்.
யார் கண்ணுக்கு என்று அவளும் கேட்கவில்லை.

காவி எத்தனை துளி என்று பிடிபட
ஒரு வாரம் ஆனது.
வெள்ளையைக் குறைத்தேன், பிறகு இன்னும் குறைத்தேன்.
பிப்ரவரியில் மூன்று நாள் மழை விட்டபோது
ஏணியைப் படகில் கட்டி அவளே பூசினாள்,
ஓதம் ஏறினால் மேல்செதில்,
இறங்கினால் கீழ்ச்செதில்.
தண்ணீரில் விழுந்த மஞ்சள்
எதிர்க்கரைவரை எட்டவில்லை,
பாதிதூரம் போய்
ஒரு கடற்காகத்தின் வயிற்றில் ஒட்டியது.

ரசீதில் நிறத்தின் எண் எழுதவேண்டும்.
அட்டையில் இல்லாத நிறத்துக்கு ஏது எண்.
'ஓரத்தது, நான்கு லிட்டர்' என்று எழுதினேன்.
அடுத்த வாரம் பவுதீலியோவின் மகன் வந்து
ஜன்னல் சட்டத்துக்குக் கால் லிட்டர் கேட்டான்,
அதே நிறமா என்றேன்.
"அப்பா, பக்கத்தில் வைத்தால் சண்டை போடாததாகப்
பார்த்துத் தரச் சொன்னார்."